அடக்கம், அடங்குதல், அடக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வன்னியில், முள்ளியவளைப் பக்கத்தில் பின்னேர வகுப்பு வைத்துத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். திருக்குறளில் அடக்கமுடைமை அதிகாரம் எடுக்கிற கிழமையெல்லாம் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே கேள்விகளோடுதான் வருவார்கள். அதே கேள்விகளை வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரும் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள், ஒன்றிரண்டு பெற்றோர் கோபத்தோடும் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

அடக்கம் என்றால் பணிந்து போவதுதானே?

இல்லை. அந்த எண்ணத்தை முதலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இந்தச் சொல்லுக்குள் போகவேண்டும்.

அடங்குதல் என்றால் ஒன்றுக்குள் கொள்ளுதல். "இந்தப் பைக்குள்ள இவ்வளவும் அடங்குமோ?" என்று கடையில் கேட்கிறோமே, அதுதான் அடிப்படைப் பொருள். அங்கிருந்துதான் தணிதல் என்ற பொருள் வருகிறது. வாடைக்காற்றுக் காலத்தில் முல்லைத்தீவுக் கரையில் போய் நின்றால் "கடல் அடங்கட்டும், வள்ளம் இறக்கலாம்" என்பார்கள். கடல் யாருக்கும் பணிந்து போகவில்லை. அதன் தண்ணீரில் ஒரு வாளி குறையவில்லை. பொங்கி அடித்தது, இப்போது தன் அளவுக்குள் நிற்கிறது, அவ்வளவுதான்.

குளத்தைப் பாருங்கள். கனகராயன் ஆறு மாரியில் வருகிற வேகத்துக்கு இரணைமடுக் கட்டு இல்லையென்றால் அவ்வளவு தண்ணீரும் இரண்டு நாளில் கடலுக்குப் போய்விடும். கட்டுக்குள் அடங்கி நிற்பதால்தான் துருசு, அதாவது மதகு, திறக்கிற நாளில் வயலுக்கு ஏதோ இருக்கிறது. குளம் நிறைய நிற்கிற காலத்தில் கட்டில் ஏறி நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், சத்தமே இருக்காது. வற்றிக் கிடக்கிற குளமும் சத்தம் போடாதுதான், ஆனால் அதை அடக்கம் என்று யாரும் சொல்வதில்லை. உள்ளே இருக்கவேண்டும், இருந்தும் வழியக்கூடாது.

அடங்கு, அடக்கு: ஒரு எழுத்துத்தானே வித்தியாசம்?

அந்த ஒரு எழுத்துத்தான் எல்லாம்.

அடங்கு தன்வினை. அடக்கு பிறவினை. திருந்து, திருத்து. வருந்து, வருத்து. ஒடுங்கு, ஒடுக்கு. கலங்கு, கலக்கு. மெல்லின எழுத்து இருந்தால் காரியம் தனக்குள் நடக்கிறது, அது வல்லினமாக மாறினால் இன்னொருவர் கை பட்டிருக்கிறது. தமிழ் இதை வெளியில் இருந்து ஒரு சொல்லைக் கொண்டுவந்து ஒட்டிச் செய்யவில்லை, ங் இருந்த இடத்தில் க் வந்து உட்கார்ந்துவிடுகிறது. வாய்க்குள்ளேயே வித்தியாசம் தெரியும், சொல்லிப் பாருங்கள்: அடங்கு என்னும்போது மூக்கு வழியாக மெதுவாக இறங்குகிறது, அடக்கு என்னும்போது தொண்டையில் ஒரு அடைப்பு.

சரி, அடக்கம் எதிலிருந்து வந்தது? பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அடக்கு என்பதிலிருந்து என்றுதான் எழுதுவார்கள், க் இருக்கிறதே என்று. மயங்கு, மயக்கம். தயங்கு, தயக்கம். கலங்கு, கலக்கம். நெருங்கு, நெருக்கம். அந்த வரிசையில்தான் அடங்கு, அடக்கம். மயங்கினவரிடம் இருப்பது மயக்கம், தயங்கினவரிடம் இருப்பது தயக்கம், தானாக அடங்கினவரிடம் இருப்பது அடக்கம். இன்னொருவர் அடக்கியதால் வருவதற்கு வேறு சொல் இருக்கிறது, அது அடக்குமுறை.

இது உங்கள் விளக்கமா, குறளிலும் அப்படித்தான் இருக்கிறதா?

அதிகாரத்தை எடுத்து வைத்து வினைச்சொற்களை மட்டும் கோடு போட்டுப் பாருங்கள். 123இல் "அடங்கப் பெறின்". 124இல் "நிலையின் திரியாது அடங்கியான்", அவனுடைய தோற்றம் மலையைவிடப் பெரியது என்கிறார். அடக்கப்பட்டான் என்று இல்லை, அடங்கியான். 130இல் "கற்றடங்கல்". அடக்கு என்ற பிறவினை ஒரே ஒரு இடத்தில் வருகிறது, 126ஆம் குறளில், ஆமை போல ஐந்தையும் அடக்குவது பற்றி. அங்கேயும் அடக்கப்படுவது தன்னுடைய ஐம்புலன், அடுத்தவனுடைய தலை இல்லை.

பத்துக் குறளிலும் ஒருவரை இன்னொருவர் அடக்கு என்று ஒரு வரி கிடையாது. இதை நான் முதன்முதலில் கவனித்தபோது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அதுவரை அந்த அதிகாரத்தை ஒழுங்காகப் பாடமாக்கித்தான் வைத்திருந்தேன்.

பணிவு, தாழ்மை, அடக்கம் மூன்றும் ஒன்றா?

பக்கத்துப் பக்கத்து வீடுகள், ஒரே வீடு இல்லை.

பணிதல் வளைதல். உடம்பில் தெரியும், பேச்சில் தெரியும். கதிர் முற்றின நெல் தலை சாய்ந்து நிற்பதைக் காட்டித்தான் வயல்காரர் பணிவைச் சொல்லிக் கொடுப்பார்கள், பதர் நிமிர்ந்து நிற்கும் என்றும் கூடவே சொல்வார்கள். தாழ்மை இடத்தைச் சொல்கிறது, கீழே இருத்தல். மன்னார்ப் பக்கம், மடு மாதா கோவில் பக்கம் போனால் தாழ்மை என்ற சொல்லுக்கு ஒரு பெரிய மதிப்பு இருக்கும், "தன்னைத் தாழ்த்துகிறவன் உயர்த்தப்படுவான்" என்று பூசையில் கேட்டு வளர்ந்த சனம். அங்கேயும் கவனியுங்கள், தன்னை. அடக்கம் வெளியே தெரியவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. நிமிர்ந்து நின்று, உரத்த குரலில், நேராகக் கண்ணைப் பார்த்துப் பேசுகிற ஒருவரிடமும் அடக்கம் இருக்கலாம்.

கும்பிட்டபடி குனிந்து நிற்கிற ஒருவரிடம் அது இல்லாமலும் இருக்கலாம்.

அடியாத மாடு படியாது என்பார்களே?

சொல்வார்கள். ஆனால் மாட்டைப் பழக்கினவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

எங்களுக்குப் பெரியப்பா முறையான ஒருவர் இருந்தார், பத்து ஏக்கர் வயலும் இரண்டு சோடி மாடும். நாம்பன், அதாவது இளங்காளை, ஒன்றைப் பழக்குவதென்றால் அவர் முதல் நாள் கயிற்றை மட்டும் கழுத்தில் போட்டுவிட்டுப் போய்விடுவார். நுகத்தில் வைக்கிற நாள் வந்தால் பழைய எருது ஒன்றோடு சோடி சேர்ப்பார், அது நாலைந்து போகம் உழுத மாடு. நாம்பன் இழுக்கும், திமிறும், பக்கவாட்டில் பாயும். பழைய மாடு அசையாது. அது நின்றால் இதுவும் நிற்கவேண்டும், அது நடந்தால்தான் இதுவும் நடக்கலாம். பெரியப்பா பின்னால் நின்று "ம், ம்" என்று கொண்டிருப்பார், துவரங்கம்பு கையில்தான் இருக்கும், ஆனால் ஓங்கினதை நான் அதிகம் கண்டதில்லை. "அடிச்சுப் பழக்கின மாடு அடிக்கிறவன் நிக்குமட்டும்தான் நடக்கும்" என்பார். ஒரு வாரத்தில் நாம்பனின் மூச்சு மாறிவிடும். அந்த மாற்றத்தைத்தான் அவர் "இப்ப அடங்கீட்டுது" என்று சொன்னார், சந்தோசமாகச் சொன்னார், அதன் நெற்றியைத் தடவிக்கொண்டு.

பழமொழி ஒன்று இருக்கிறது என்பதற்காக அது சொல்வதெல்லாம் சரி என்றாகாது. பிள்ளைக்கு அடிக்கிறவர்கள் இந்தப் பழமொழியைத்தான் முதலில் எடுப்பார்கள், அதனால் இதை நீட்டி எழுதினேன்.

அப்படியென்றால் வன்னியை ஏன் அடங்காப்பற்று என்றார்கள்? அது பெருமையா, குறையா?

எனக்குப் பிடித்த கேள்வி இது.

பற்று என்பது பழைய நிர்வாகப் பிரிவு, இன்றைக்கும் கரைதுறைப்பற்று என்று பிரதேச சபைப் பெயரில் இருக்கிறது. பனங்காமம், கரிகட்டுமூலை, முள்ளியவளை, மேல்பற்று, கருநாவல்பற்று, தென்னமரவடி என்று பிரித்து வன்னிமைகள் என்ற சிற்றரசர்கள் ஆண்ட காலத்தில், யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கீசருக்கும் அவர்களுக்குப் பிறகு வந்த ஒல்லாந்தருக்கும் இந்தக் காட்டுப் பகுதி நெடுங்காலம் முழுதாகக் கைக்குள் வரவில்லை. திறையாக யானை கொடுப்பார்கள், ஒரு வருடம் கொடுப்பார்கள், இன்னொரு வருடம் இழுத்தடிப்பார்கள். அப்படித்தான் அடங்காப்பற்று என்ற பெயர் நிலைத்தது.

1803இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயக் கோட்டையைத் தாக்கிப் பிடித்தான். அந்த வருடமே ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் காப்டன் வொன் ட்ரிபேர்க்கின் படையிடம் தோற்றான். அதைச் சொல்லி ஆங்கிலேயர் அங்கே ஒரு கல்லும் நட்டார்கள். பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டான் என்றுதான் அந்தக் கல்லில் பொறித்தார்கள். அடங்கினான் என்று எழுதவில்லை, எழுதவும் முடியாது, ஏனென்றால் தோற்பது போரில் நடப்பது, அடங்குவது தனக்குள் நடப்பது. வகுப்பில் இந்த இடம் வந்தால் பிள்ளைகளை நிறுத்தி இதைச் சொல்லாமல் நான் அடுத்த பக்கம் திருப்புவதில்லை.

ஆகவே அடங்காப்பற்று என்ற பெயரில் இருக்கிற அடங்காமை, அடக்க வருகிறவனுக்குக் கொடுத்த பதில். 121ஆம் குறளில் ஆரிருள் உய்த்துவிடும் என்று சொல்கிற அடங்காமை வேறு, அது தன் நாக்கையும் கோபத்தையும் வைத்திருக்கத் தெரியாதவனுடையது. இரண்டுக்கும் ஒரே சொல். எந்த இடத்தில் எது என்று வாசிக்கிறவர்தான் பிரிக்கவேண்டும்.

நிலைமையால் தலைகுனிந்து போனவர்களை அடங்கிப் போனார்கள் என்று சொல்லலாமா?

சொல்லாதீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள்.

மேலே சொன்ன பெரியப்பாவை 2009இல், போர் முடிந்த வருடம், இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த முகாமில் கண்டேன். தண்ணீர் வரிசை. நீல நிற வாளி ஒன்று, கைபிடி அறுந்து வயர் கட்டியிருந்தது. முன்னால் நின்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பெடியன் ஒருவன், பேரப்பிள்ளை வயதுதான் இருக்கும், "ஏய் கிழவா, பின்னால போ" என்றான். பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போனார். வெயில் சுள்ளென்று அடிக்கிறது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிட்டப் போய், "ஏன் பெரியப்பா பேசாமல் வந்தனீங்கள்?" என்றேன். "நான் அடங்கேல்லையடா தம்பி, ஒதுங்கினனான்" என்றார். அடுத்த நாள் விடியப்புறம் நாலு மணிக்கே போய் வரிசையில் முதலாவதாக நின்றார்.

ஒதுங்குதல், ஒடுங்குதல், அடங்குதல். மூன்றும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலக் கேட்கும். ஒதுங்கினவர் வழிவிட்டு நிற்கிறார், வழி இன்னும் அவருக்குத் தெரியும். ஒடுங்கினவர் பயத்திலோ நோயிலோ சுருங்கிப்போனவர், அவருக்குத் தேவை ஆறுதல். அன்றைக்கு அந்த மனிதர் எனக்குச் சொல்லித் தந்த அளவுக்கு எந்த அகராதியும் இந்தச் சொல்லை எனக்கு விளக்கவில்லை.

குறளிலும் ஒரு இடம் இருக்கிறது, மானம் அதிகாரத்தில், 963: "பெருக்கத்து வேண்டும் பணிதல் சிறிய சுருக்கத்து வேண்டும் உயர்வு." வசதி இருக்கும்போது பணிந்து நட, இல்லாமல் போனபோது நிமிர்ந்து நில். அடக்கத்தை யாரிடம் எதிர்பார்க்கவேண்டும் என்பதும் இதில் இருக்கிறது. பதவியில் இருப்பவரிடம், காசு இருப்பவரிடம். வாளியோடு வரிசையில் நிற்கிறவரிடம் இல்லை.

"அடக்க ஒடுக்கமாக இரு" என்று பொம்பிளைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், அதில் என்ன பிழை?

ஆண்பிள்ளைக்கும் சொல்கிறீர்களா என்று முதலில் யோசித்துப் பாருங்கள்.

அடக்கத்தோடு ஒடுக்கம் சேர்ந்தாலே பொருள் கீழே இறங்கிவிடுகிறது. சிரிக்காதே, கேள்வி கேட்காதே, காலை மடித்து இரு, மாமா வந்தால் உள்ளே போ. இவை எதுவும் அந்தப் பிள்ளைக்குள் ஒன்றையும் நிறைக்கவில்லை. என்னிடம் படிக்கிற ஒரு பிள்ளை கணக்கில் நல்ல கெட்டிக்காரி, ஆனால் விடை தெரிந்தாலும் கை உயர்த்தமாட்டாள், கேட்டால் "அம்மா அடக்கமா இருக்கச் சொன்னவ சேர்" என்றாள். அம்மாவைக் கூப்பிட்டுக் கதைத்தேன். அவ முதலில் கோபப்பட்டா, பிறகு நெடுநேரம் பேசாமல் இருந்தா. தனக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தது என்றா.

பிள்ளைக்கு அடக்கம் சொல்லிக் கொடுக்க விரும்பினால், வென்ற நாளில் சொல்லிக் கொடுங்கள். முதலாம் பிள்ளையாக வந்த நாளில், இரண்டாவதாக வந்த பிள்ளையோடு எப்படிக் கதைப்பது என்று.

திமிர் பிடித்த ஒருவன் அடிபட்டு இறங்கினால் அதற்கு என்ன சொல்?

அதற்கு ஊரில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. கொட்டம் அடங்கினது, ஆட்டம் அடங்கினது, கொழுப்பு அடங்கினது, மூக்குடைபட்டது, வாலைச் சுருட்டினது. கவனித்தால் இவற்றில் அடங்குவது ஆள் இல்லை, அவனுடைய கொட்டம், அவனுடைய ஆட்டம். ஆளைப் பற்றிச் சொல்வதென்றால் தலைகுனிவு, சிறுமைப்பட்டான், கூனிக் குறுகினான் என்று வரும். அடக்கம் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. சிலருக்கு அதற்குப் பிறகு வரும், சிலருக்கு வன்மம்தான் வரும்.

எனக்கு இங்கே ஒரு விருது தருகிறார்கள். ஆங்கிலத்தில் "ஹம்பிள்ட்" என்று சொல்வார்கள், தமிழில் எப்படிச் சொல்வது?

கனடாவில் இருக்கிற மருமகன் கேட்டது. "நான் தாழ்த்தப்பட்டேன்" என்று எழுதி அனுப்பியிருந்தான். நல்லகாலம், மேடை ஏற முதல் அனுப்பினான். அந்தச் சொல் தமிழில் சாதிக் கொடுமையைச் சுமந்து நிற்கிற சொல், விருது மேடையில் அதற்கு வேலை இல்லை.

எங்கள் வாயில் தானாக வருவது வேறு. "எனக்கு இது பெரிசு." "இதற்கு நான் தகுதியோ தெரியாது." "கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது." "மனம் நெகிழ்ந்து நிற்கிறேன்." "தலைவணங்கி ஏற்றுக்கொள்கிறேன்." இதில் எது உண்மையோ அதைச் சொல்லுங்கள். நான் அடக்கமானவன் என்று மட்டும் சொல்லவேண்டாம், அது மற்றவர்கள் சொல்லவேண்டிய சொல். மருமகன் கடைசியில் "எனக்குக் கணக்குச் சொல்லித் தந்த ரீச்சர் இதைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது" என்று ஒரே வசனம் சொன்னானாம்.

கடிதத்தில் "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதவேண்டுமா?

வேண்டாம். காணி உத்தரவுப்பத்திரத்துக்கோ, வீட்டுத்திட்டத்துக்கோ, மதகு திருத்தித் தரச்சொல்லியோ பிரதேச செயலகத்துக்கு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு "பணிவான வணக்கம்" மேலே, ஒரு "நன்றி" கீழே, போதும். நடுவில் விசயத்தை எழுதுங்கள்: எந்தக் காணி, எத்தனை ஏக்கர், எப்போதிருந்து இருக்கிறீர்கள், என்ன வேண்டும். நான் பலருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், மூன்று இடத்தில் தாழ்மை போட்ட கடிதத்தில் திகதியும் காணி இலக்கமும் விடுபட்டிருக்கும், அதனாலேயே திரும்பி வரும். உங்களுக்கு உரியதைக் கேட்க மரியாதை வேண்டும், தாழ்மை வேண்டியதில்லை.

கிராம அலுவலரையும் ஐயா, அம்மா என்று அழைக்கலாம், அதில் ஒன்றும் குறையாது.

நல்லடக்கம், ஊரடங்கு, அடக்கவிலை எல்லாம் இதே சொல்லா?

ஓம். அடக்கவிலை என்றால் செலவெல்லாம் உள்ளடங்கிய விலை, இலாபம் வைக்கமுதல் உள்ள விலை.

ஊரடங்கு அழகான சொல்லாக இருந்தது. ஊர் அடங்கும் நேரம் என்றால் விளக்கணைத்துச் சனம் படுக்கிற நேரம், நாய் மட்டும் எங்கேயோ குரைக்கும். பிறகு சட்டம் வந்து அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. 2020 மார்ச் 20இல் கொரோனாவுக்காக நாடு முழுக்கப் போட்டபோது இளம் பிள்ளைகளுக்கு அது புதினம், எங்களுக்கு இல்லை. இலக்கணப்படி பார்த்தால் அதை ஊரடக்கு என்றுதான் சொல்லவேண்டும், ஊர் தானாக அடங்கவில்லையே.

நல்லடக்கம் மரண அறிவித்தலில் வருவது, உடலை மண்ணுக்குள் வைப்பது. மூச்சு அடங்கினவரை மண்ணும் தனக்குள் அடக்கிக்கொள்கிறது. இங்கே பல வீடுகளில் அதைச் செய்யக் கிடைக்கவில்லை. அந்த வீடுகளில் இந்தச் சொல்லைப் பார்த்துப் பாவியுங்கள்.

பரீட்சையில் அடக்கம், பணிவு இரண்டுக்கும் எதிர்ச்சொல் என்ன எழுதுவது?

அடக்கத்துக்கு அடங்காமை என்று எழுதினால் பிழை சொல்லமாட்டார்கள். பணிவுக்குச் செருக்கு, அல்லது இறுமாப்பு. பணிவுக்குத் துணிவு என்று வருடத்துக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் எழுதுகிறார்கள், ஓசை ஒத்துவருகிறது என்று. நான் அதைச் சிவப்பால் வெட்டிவிட்டுப் பக்கத்தில் "இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம்" என்று எழுதிக் கொடுப்பேன். போன தவணை ஒரு பெடியன் அந்தத் தாளைக் கொண்டுவந்து, "யாரிட்ட சேர் இருக்குது?" என்று கேட்டான். பெரியப்பாவின் வாளிக் கதையைச் சொன்னேன்.